ஆபரேஷன் ஊரில், வயிறு இங்கே

வயிற்றைப் பற்றி நாம் பேசாத நாளே கிடையாது. லேக் மார்க்கெட்டில் நல்ல முருங்கைக்காய் வந்திருக்கிறதா, இன்று என்ன குழம்பு, கலியாண வீட்டில் பாயசம் எப்படி என்று மணிக்கணக்கில் பேசுவோம். உள்ளே போவதைப் பற்றித்தான் இந்தப் பேச்செல்லாம். உள்ளே போனது வெளியே வரும் கதையை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. "வயிறு கொஞ்சம் சரியில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். கேட்பவரும் மேலே கேட்க மாட்டார்.

சும்மா ஒரு நாள் வயிற்றுப்போக்கு என்றால் இந்த மௌனத்தால் மோசம் இல்லை. குடலில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அப்படி இல்லை. என் வட்டத்திலேயே இப்போது இப்படி ஐந்து பேர் இருக்கிறோம். ஒருவருக்குக் குடல் காசநோய், இருவருக்குப் புற்றுநோய், ஒருவருக்குத் திடீர் அடைப்பு. ஐந்தாவது ஆள் நான். 2021-ல் எனக்கு வலப்பக்கப் பெருங்குடலும், அதோடு ஒட்டிய சிறுகுடலில் 25 சென்டிமீட்டரும் எடுக்கப்பட்டன. ஐந்து ஆபரேஷனும் வெற்றிதான். ஆனால் "ஆபரேஷன் சக்ஸஸ்" என்று டாக்டர் சொன்ன பிறகு மாதக் கணக்கிலும் வருஷக் கணக்கிலும் நீளும் ஒரு வாழ்க்கை இருக்கிறதே, அதைப் பற்றி எங்களுக்குள்கூட நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அதை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் அல்ல. மூன்று வருஷ டிப்ளமா படித்துவிட்டு, 38 வருஷம் ரயில் பாதையோடு மல்லுக்கட்டியவன். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு. அவரிடம் என்ன கேட்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் நான் எழுதப்போவது.

குடலும் ஒரு பாதைதான்

சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர், பெருங்குடல் ஒன்றரை மீட்டர். நாம் ஒரு நாளில் குடிப்பதும் சாப்பாட்டோடு சேர்வதுமாகச் சுமார் 2 லிட்டர் நீர் உள்ளே போகிறது. அதோடு உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடலின் சொந்த நீர் என்று உடம்பே சுமார் 7 லிட்டரைக் கொட்டுகிறது. ஆக, 9 லிட்டர் போக்குவரத்து. இதில் பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிவிடும். ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெருங்குடலுக்குப் போகும். கடைசியில் மலத்தோடு வெளியேறும் நீர் 100, 200 மில்லிலிட்டர்தான். இந்தப் பாதையில் ஒரு துண்டை எடுத்துவிட்டால் கணக்கு எங்கே உதைக்கும் என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஆனால் பாதை முழுவதும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. முக்கியமான விஷயம் இதுதான். எவ்வளவு போயிற்று என்பதோடு, எந்த இடம் போயிற்று என்பதும் தெரிய வேண்டும்.

சிறுகுடலின் நடுப்பகுதியில் கொஞ்சம் போனால் மற்றப் பகுதிகள் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். சிறுகுடலின் கடைசிப் பகுதி அப்படி அல்ல. அங்கே இரண்டு வேலைகள் நடக்கின்றன. வேறெந்தப் பகுதியாலும் அவற்றை அதே போலச் செய்ய முடியாது. ஒன்று, வைட்டமின் பி12-ஐ உறிஞ்சுவது. மற்றொன்று, கொழுப்பைக் கரைக்க வந்த பித்த உப்பைத் திரும்பப் பிடித்துக் கல்லீரலுக்கு அனுப்புவது. வந்ததில் சுமார் 95 சதவிகிதம் இப்படித் திரும்பிப் போகிறது. பிடிக்கும் இடம் போய்விட்டால் பித்த உப்பு பெருங்குடலில் இறங்கி, அதைத் தூண்டி, தண்ணீராகப் போகவைக்கும். சாப்பிட்டவுடன் ஓட வேண்டியிருக்கிறது, எரிகிறது என்பவர்களில் பலருக்குக் காரணம் இதுவே.

சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் ஒரு வால்வு உண்டு. வலப்பக்க ஆபரேஷனில் அதுவும் போய்விடும். பெருங்குடலில் இருக்க வேண்டிய கிருமிகள் மேலே ஏறிப் பெருகினால் வயிறு உப்புசமும் வாயுவும் வரும். மலக்குடலில் ஆபரேஷன் ஆனவர்களின் கதை வேறு. அங்கே போனது சேமிப்பு அறை. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு மணி நேரத்தில் நான்கு தடவை போக வேண்டியிருக்கும், அடக்கவும் முடியாது. இதற்கு மருந்தோடு, அடித்தசைகளை இறுக்கும் பயிற்சியும் உதவும்.

பார்த்தால் எல்லாம் "லூஸ் மோஷன்" தான். காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

பீரோவில் தங்கிவிட்ட காகிதம்

இனி நம் நண்பர் ஒருவரின் கதை. அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். 2016-ல் தம்பி மகள் கலியாணத்துக்காகத் திருச்சி போயிருந்தபோது குடல் அடைத்துக்கொண்டது. அங்கேயே அவசர ஆபரேஷன். இரண்டு மாதம் தம்பி வீட்டில் இருந்து, தேறி, கல்கத்தா திரும்பினார். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதங்கள் தம்பி வீட்டு பீரோவில் பத்திரமாக இருந்தன. மிகவும் பத்திரமாக, மூன்று வருஷம்.

இங்கே வந்ததிலிருந்து அவருக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. இந்த ஊரில் வயிற்றுப்போக்கு என்றால் அமீபா மாத்திரை கொடுப்பது வழக்கம். அவருக்கும் கொடுத்தார்கள். அவ்வப்போது கொஞ்சம் நிற்கும், பிறகு பழையபடி. "வயிற்றில் ஏதோ ஆபரேஷன் ஆச்சு" என்று மட்டுமே அவரால் சொல்ல முடிந்தது. எந்த இடம், எவ்வளவு என்று அவருக்கே தெரியாது.

மாலைக் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தினார். பொங்கல் விழாவுக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"என்ன சார், ஆளையே காணோம்?"

"வயசாச்சு சார். இனிமே வயிறு இப்படித்தான் இருக்கும். நாலு பேர் நடுவுல எழுந்து எழுந்து ஓடறதுக்கு வீட்டோட இருந்துடலாம்" என்றார்.

பிறகு பாதங்கள் மரத்துப்போயின. சர்க்கரை வியாதிக்காரர், அதனால்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நடை தள்ளாடியது. 2019-ல் அவர் மருமகள் ஸ்ரீரங்கத்துக்குப் போனவள், அந்தப் பீரோவைத் திறக்கச் சொல்லி, டிஸ்சார்ஜ் சம்மரியைச் செல்போனில் படம் எடுத்து அனுப்பினாள். இங்கே குடல் நோய் நிபுணர் அதைப் பார்த்தார். அதில் ஒரு வரி: சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 70 சென்டிமீட்டர் நீக்கம்.

அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. பி12 அளவு பார்க்கச் சொன்னார். மிகவும் கீழே இருந்தது. உறிஞ்சும் இடம் போனது ஒன்று. அவர் சுத்த சைவம், அது இரண்டு. சர்க்கரைக்குச் சாப்பிட்ட மெட்ஃபார்மின் மாத்திரையும் பி12-ஐக் குறைக்கக்கூடியது, அது மூன்று. கல்லீரலில் பி12 சில வருஷங்களுக்குச் சேமிப்பில் இருக்கும். அதனால்தான் ஆபரேஷன் ஆன உடனே தெரியாமல், எல்லாரும் ஆபரேஷனையே மறந்த பிறகு வந்து நிற்கிறது. ஊசி ஆரம்பித்தார்கள். பித்த உப்பைப் பிடித்துவைக்கும் கொலஸ்டிரமின் என்ற பொடியையும் எழுதிக்கொடுத்தார் டாக்டர். இரண்டு வாரத்தில் ஆறு தடவை இரண்டாகக் குறைந்தது.

பாதங்களில் உணர்ச்சி ஓரளவு திரும்பியது, முழுவதும் திரும்பவில்லை. இன்றும் கைத்தடியோடுதான் நடக்கிறார். நரம்பு கெட்டுப்போய் நெடுநாள் ஆகிவிட்டால் ஊசி போட்டாலும் எல்லாம் மீளாது என்றார் டாக்டர்.

இந்த ஊரிலிருந்து வைத்தியத்துக்காக வேலூருக்குப் போகும் வங்காளிகளை ரயிலில் பார்த்திருப்பீர்கள். மடியில் ஒரு பெரிய ஃபைல் இருக்கும். முதல் சீட்டிலிருந்து கடைசி எக்ஸ்ரே வரை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அவர்களுக்கு அது வெளியூர், ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். நமக்கோ சொந்த ஊர். "தம்பி வீட்டில்தானே இருக்கிறது" என்று விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். வயிறு மட்டும் நம்மோடு இங்கே வந்துவிடுகிறது.

நீளம் எதற்கு என்று கேட்பீர்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் போனது ஒரு மீட்டருக்குக் குறைவு என்றால் அந்தப் பொடி பெரும்பாலும் உதவும். அதைவிட மிகவும் கூடுதலாகப் போயிருந்தால் உடம்பில் பித்த உப்பே குறைந்துவிடும். நெய்யும் எண்ணெயும் செரிக்காமல் வழுவழுவென்று மிதந்து போகும். அங்கே அதே பொடி நிலைமையை மோசமாக்கக்கூடும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று நாமே வாங்கிச் சாப்பிடும் பொருள் அல்ல. சாப்பிடுபவர்களும் மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ, நான்கிலிருந்து ஆறு மணி நேரம் கழித்தோதான் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அவற்றையும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

காஷன் போர்டு

ரயில் பாதையில் ஒரு பகுதியைப் பிரித்துப் புதிதாகப் போட்டால், அன்றே மெயில் வண்டியை முழு வேகத்தில் விடமாட்டோம். காஷன் ஆர்டர் கொடுப்போம். முதலில் 20 கிலோமீட்டர், பிறகு 45, பிறகு 75. ஜல்லி இறுக இறுக வேகத்தைக் கூட்டுவோம். அவசரப்பட்டால் பாதை பழுதாகும். அதே சமயம், காஷன் போர்டை எடுக்கவே மறந்தால் வண்டிகள் என்றைக்கும் லேட்.

குடலும் இப்படித்தான். மீதியுள்ள பகுதி மெல்ல மெல்லக் கூடுதல் வேலையைப் பழகிக்கொள்கிறது. இதற்கு ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட ஆகும். முதல் மாதங்களில் எனக்கு ஏழெட்டுத் தடவை. இப்போது இரண்டு, மூன்று. பொதுவாக ஒரு நாளைக்கு மூன்று தடவை வரை இயல்பு என்றே டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். பழையபடி காலையில் ஒரே தடவை என்று ஆக வேண்டும் என்று தவம் கிடக்க வேண்டாம்.

நான் செய்தது ஒரு நோட்டுப் புத்தகம் போட்டது. என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எப்போது போனேன், எப்படி இருந்தது. நாலு பத்தி, அவ்வளவுதான். "ரிட்டயரான பிறகும் லாக் புக்கா?" என்று என் மனைவி சிரித்தாள். மூன்றாவது வாரம் அவளே அதைப் பார்த்துக் கண்டுபிடித்தாள், பால் பாயசம் வைத்த நாட்களில்தான் தொல்லை என்று. ஒரு சமயத்தில் ஒரு பொருளை மட்டும் நிறுத்திப் பாருங்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் குற்றவாளி யார் என்று தெரியாது, உடம்பும் இளைக்கும்.

சமையலறையில்

நம் சாப்பாட்டில் இதற்கு வேண்டியவை நிறைய உண்டு. குழைந்த சாதம், இட்லி, ஜவ்வரிசிக் கஞ்சி, பழுத்த வாழைப்பழம், தோல் நீக்கி வேகவைத்த காய்கள் ஆகியவை பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். மூன்று வேளை வயிறு நிறைய என்பதை விட்டு, ஐந்தாறு தடவை சிறிது சிறிதாகச் சாப்பிடுவது நல்லது.

முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு நார், ஆரஞ்சுச் சுளையின் தோல், தேங்காய்ப் பத்தை இவற்றில் ஜாக்கிரதை. குடலைச் சேர்த்துத் தைத்த இடம் குறுகலாக இருந்தால் இவை சிக்கிக்கொள்ளலாம். நன்றாக மெல்ல வேண்டும்; பல் சரியில்லாதவர்கள் முதலில் பல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இசப்கோல் மலச்சிக்கலுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். அது நீரை உறிஞ்சிக் கெட்டிப்படுத்தும். ஆகவே தண்ணீராகப் போகிறவர்களுக்கும் டாக்டர்கள் சிறிதளவு சொல்வதுண்டு. ஆனால் குடல் குறுகியவர்கள் கேட்காமல் தொடக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைச் சுத்தம் செய்யும் பழைய வழக்கம் நமக்கு இனி வேண்டவே வேண்டாம்.

சிறுகுடலின் கடைசிப் பகுதி போய், பெருங்குடல் மீதி இருப்பவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பும் கூடுதல். கொழுப்பு சரியாகச் செரிக்காததால், கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள ஆக்ஸலேட் அதிகமாக இரத்தத்தில் ஏறுகிறது. இந்த ஊரில் பாலங் சாகம் மலிவாகக் கிடைக்கிறதே என்று தினமும் சாப்பிடுபவர்கள் இதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிறையப் போன நாளில் வெறும் தண்ணீர் போதாது. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் சேர்ந்திருந்தால்தான் குடல் நீரை இழுத்துக்கொள்ளும். இந்த உண்மையின் அருமை உலகத்துக்குத் தெரிந்ததில் நம் வங்காளத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1971-ல் எல்லையிலுள்ள போன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, ஊசி வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பு, சர்க்கரைக் கரைசலை டிரம்களில் கலந்து குடிக்கவைத்தார். 30 சதவிகிதத்துக்கு அருகில் இருந்த இறப்பு 4 சதவிகிதத்துக்கும் கீழே வந்தது. 2022-ல் அவர் இதே கல்கத்தாவில் காலமானார். 2023-ல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. அந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு எப்போதும் வீட்டில் இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இரத்த அழுத்தமோ, இதயம், சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.

ஊருக்குப் போக முடியுமா?

முடியும். ஷாலிமாரில் கோரமண்டலில் ஏறினால் சென்னை சுமார் 1,660 கிலோமீட்டர். ஒரு பகலும் ஓர் இரவும் போக, இன்னும் கொஞ்சம். இதை நினைத்தே பலர் ஊருக்குப் போவதை விட்டுவிடுகிறார்கள். அக்காவின் எண்பதாம் வயது விழா போய்விடுகிறது, பேரன் காதுகுத்து போய்விடுகிறது.

ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒரு யோசனை. பெட்டியின் முதல் அறையில் 1, 4 கீழ் பெர்த்துகள்; 7 பக்கவாட்டுக் கீழ் பெர்த். கழிவறைக்கு மிக அருகில் இருப்பவை இவையும், மறு கோடியில் உள்ள கடைசி அறையும்தான். எண்ணைத் தேர்ந்தெடுப்பது நம் கையில் இல்லை. ஆனால் ஏறிய பிறகு அங்கே உள்ளவரிடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள். ரயிலில் எல்லோரும் சந்தோஷமாக விட்டுக்கொடுக்கும் ஒரே இடம் அதுதான்! கிளம்பும் முந்தைய நாள் புதிய உணவு எதுவும் வேண்டாம். டாக்டர் நிறுத்தும் மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால் அதை எப்போது சாப்பிடுவது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாற்று உடை, ஈரத்துணி, ஒரு பிளாஸ்டிக் பை கைப்பையிலேயே இருக்கட்டும். பெரும்பாலும் அவை தேவைப்படாது. இருக்கிறது என்ற தைரியமே பாதி மருந்து.

இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. 1909-ல் ஓகில் சந்திர சென் என்ற வங்காளி, பலாப்பழம் சாப்பிட்டு வயிறு உப்பி, அகமதுபூர் ஸ்டேஷனில் இறங்கி ஒதுங்கிய நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டது என்று சாஹிப்கஞ்ச் டிவிஷன் அலுவலகத்துக்குப் புகார் எழுதினார். கீழ் வகுப்புப் பெட்டிகளில் கழிவறை வந்ததற்கு அந்தக் கடிதமே காரணம் என்று சொல்வார்கள். டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. ஒருவர் வெட்கப்படாமல் எழுதியதை நூறு வருஷம் கழித்தும் நினைவில் வைத்திருக்கிறோம்.

காத்திருக்கக் கூடாத சமயங்கள்

வயிறு வீங்கி, விட்டுவிட்டு முறுக்கும் வலி, வாந்தி, வாயுவும் மலமும் அடியோடு நின்றுபோவது ஆகியவை சேர்ந்து வந்தால் அது அடைப்பாக இருக்கலாம். ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு விடியும் வரை காத்திருக்க வேண்டாம். இரவானாலும் உடனே ஆஸ்பத்திரி. மலத்தில் இரத்தம், தார் போன்ற கறுப்பு நிறம், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், தூக்கத்தில் எழுப்பிவிடும் பேதி, பாதம் மரத்துப்போதல் ஆகியவற்றுக்குத் தாமதிக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். புற்றுநோய்க்காக ஆபரேஷன் ஆனவர்கள், வயிறு சௌகரியமாக இருந்தாலும் குறித்த தேதியில் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

அரைப் பக்கத் தாள்

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாருக்காவது குடலில் ஆபரேஷன் ஆகியிருந்தால், இந்த மாதமே ஓர் அரைப் பக்கத் தாளில் ஐந்து விஷயங்களை எழுதிவையுங்கள். என்றைக்கு ஆபரேஷன், எதற்காக; எந்தப் பகுதி, எத்தனை சென்டிமீட்டர் எடுத்தார்கள்; வால்வு இருக்கிறதா, போயிற்றா; கடைசியாக பி12 பார்த்தது எப்போது, எவ்வளவு; இப்போது சாப்பிடும் மருந்துகள் என்னென்ன. டிஸ்சார்ஜ் சம்மரியைப் படம் எடுத்து, கணவன், மனைவி, பிள்ளை, பெண் எல்லோர் செல்போனிலும் வையுங்கள். காகிதம் ஊரில் இருந்தால் இன்றே போன் செய்து கேளுங்கள். அங்கேயும் இல்லை என்றால் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு எழுதி நகல் கேட்கலாம். இங்கிலீஷில் உள்ளதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றால், மாதக் கூட்டத்தன்று சங்க நூலகத்தில் மாலை 5 மணிக்கு மேல் நான் இருப்பேன். கைத்தடி நண்பரும் உடன் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். சென்ற பொங்கல் விழாவில் அவர் கடைசி வரிசையில், கதவோரத்தில், கடைசி வரை உட்கார்ந்திருந்தார்.